படைச்செலவும் நாடுகாவலும்



செலவு என்னும் சொல் பண்டைத் தமிழில் போதல் என்னும் பொருட்டு. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் புறப்படுங்கால் உள்ளந் தளர்ந்து நின்றுவிடுதலைச் செலவழுங்குதல் என்று அகப்பொருள் நூலோர் வழங்குவர். இந்நாளில் அச்சொல் கைப்பொருள் கழிதலையே பெரிதும் உணர்த்தி நிற்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கு பொருந்தும் இடம் ஒன்று உண்டாயின், அது படைச்செலவேயாம். ஒரு நாட்டின் சேனை தன் எல்லை கடந்து பிறர் நாட்டினுட் போதலும் செலவு. அப்போக்கினால் பொன்னும் உயிரும் அறமும் கழிதலும் செலவு. முன்னதைப் பாடிய புலவர் பலர். பின்னதைக் கணக்கிட்டார் சிலரே.

தன் நாட்டைக் காத்தற்குச் செய்யும் போரும், பிறர் நாட்டிற் புகுந்து செய்யும் போரும் வினைக்கணக்கில் ஒரு தன்மையவோ, வேறு தன்மையவோ என்பது ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. இது யாமாக எழுப்பியதன்று. யாம் உறைவது கொரட்டூர். அடுத்த ஊராகிய பாடியில், ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிகம் பெற்ற திருவலிதாயத்தில் பிரதோஷ வழிபாடு முடிந்தபின் அன்பர் சிலர் கூடிப் பெரியபுராணம் படித்தல் வழக்கம். அக்கூட்டத்திற்குத் தவறாது வருபவருள் ஒருவர் தரைப்படையில் பணிசெய்து ஓய்வுபெற்று, பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் காவற்பணி புரிந்தவர். மிகவும் பேசாதவர். புகழ்ச்சோழ நாயனார் புராணம் படித்து முடித்த மாலையில் ஏனையோர் எழுந்துசெல்ல, அவர் மட்டும் இருந்தார். சிறிது பொழுது கழித்துக் கூறியதாவது:

“ஐயா, 1987-ஆம் ஆண்டு ஐப்பசியில் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். இரவுக் காவல். வேலியோரம் ஏதோ அசைந்தது. குரல் கொடுத்தேன், விடை வரவில்லை, சுட்டேன். விடிந்தபின் பார்த்தால் ஒரு பெரியவர். பக்கத்தில் மாட்டுக்கு எடுத்துவந்த வைக்கோல் கிடந்தது. நெற்றியில் திருநீறு. அந்த வினை யாருடையது, ஐயா?”

அன்று யாம் விடை கூறிற்றிலம். கூறத்தக்க விடை எம்மிடம் இருந்ததில்லை. பின்னர் எண்ணியவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் பொருளிலக்கணத்தை நோக்குவோம். பகைவர் நாட்டின்மேற் படையெடுத்துச் செல்லுதல் வஞ்சித்திணை. தொல்காப்பியனார் அதற்குக் காரணமாக ஓதியது மண்மேற் கொண்ட தணியாத ஆசை. அவ்வாசை எவனுடையது? சூத்திரத்தின் சொற்கிடக்கையை நோக்கின், மேற்செல்லப்படுகின்ற வேந்தனுக்கே அவ்வடை சேர்ந்து நிற்கின்றது. படை செலுத்தும் அரசர் எக்காலத்தும் இவ்வாறு கூறுதலே இயல்பு: ஆசை எதிரியுடையது, யாம் அதனை அடக்கச் செல்கின்றோம் என்பர். நச்சினார்க்கினியரோ, மேற்சென்றவனுக்கும் மண்ணாசை உண்டு, தன் மண் அழியாமற் காக்க எதிர்வருபவனுக்கும் அஃது உண்டு என்று கொண்டு இருவரையும் வஞ்சி வேந்தர் என்றார். உச்சிமேற் புலவரை மறுக்கும் தகுதி எமக்கில்லை. ஆயினும், வீட்டினுட் புகுந்தவனுக்கும் வீட்டுடையவனுக்கும் உள்ள ஆசை ஒரு நிறையது என்று கொள்ள உள்ளம் ஒருப்படுகின்றிலது. புறப்பொருள் வெண்பாமாலை உடையார் எதிரூன்றிக் காத்தலை வஞ்சியினின்றும் பிரித்துக் காஞ்சி எனத் தனித்திணையாக்கினார். தொல்காப்பியத்திலோ காஞ்சி என்பது உலக நிலையாமையைக் கூறும் திணை. தன் மண்ணைக் காத்தற்கும், மண் நிலையாது என்று உணர்தற்கும் ஒரு பூவே பெயராய் அமைந்ததை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிய நாளெல்லாம் வெறும் நூல்வேற்றுமையாகவே கூறிவந்தோம். இப்பொழுது அதனை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

எம் ஊர்ப்பக்கத்திலேயே இவ்விரு போரும் நிகழ்ந்த வரலாறு உண்டு. சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி தொண்டை நாட்டின்மேல் வந்தான். மகேந்திரவர்மன் காலத்தில் புள்ளலூரிற் போர் நடந்தது. மீண்டும் நரசிங்கவர்மன் காலத்தில் வந்தபோது பரியளம், சூரமாரம், மணிமங்கலம் என்னும் இடங்களில் அவன் முறியடிக்கப்பட்டான் என்று கூரத்துச் செப்பேடு கூறும். மணிமங்கலம் பூந்தமல்லிக்குத் தெற்கே, தாம்பரத்திற்கு மேற்கே இன்றும் ஏரியும் வயலுமாக உள்ள ஊர். அங்கே நின்று பொருதவர் எதற்காகப் பொருதனர் என்று ஒருவரும் அவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பின்னே கச்சி, அதன்கண் ஏகம்பம், இடையிடையே தம் ஏரியும் களமும். பகைவன் திரும்பிய அன்றே போரும் முடிந்ததாகும். காவற்போருக்கு எல்லை இயல்பாகவே அமைந்துவிடுகின்றது. அதனை அமைச்சர் கூடி வகுக்க வேண்டுவதில்லை.

ஆயின் போர் மணிமங்கலத்தோடு முடியவில்லை. 642-ஆம் ஆண்டளவில் பல்லவர் படை வாதாபி சென்று அந்நகரை அழித்தது. அப்படையை நடத்தியவர் பரஞ்சோதியார். அவரே பின்னர்ச் சிறுத்தொண்ட நாயனார். வாதாபியினின்றும் மணியும் பொன்னும் யானையும் குதிரையும் கொணர்ந்து அரசன்முன் நிறுத்தினார் என்கின்றார் சேக்கிழார் பெருமான். அதன்பின் நிகழ்ந்ததைச் சைவ நன்மக்கள் அறிவர். அமைச்சர் வாயிலாக அவர் சிவனடியார் என்று அறிந்த மன்னவன் மகிழ்ந்தானில்லை, நடுங்கினான். அடியாரைப் போர்முனையில் விடுத்தது தன் பிழை என்று அவர்பால் பொறுத்தருள வேண்டினான். நிதி நல்கி, திருத்தொண்டிலே நிற்க விடைகொடுத்தான். வென்று வந்த சேனாபதியிடம் அனுப்பிய அரசன் மன்னிப்பு வேண்டிய நிகழ்ச்சி வேறெந்த நாட்டுக் காவியத்தில் உளதோ, யாம் அறியோம்.

வாதாபி வெற்றியின் செலவுக்கணக்கு அத்துடன் தீர்ந்ததுமன்று. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 674-ஆம் ஆண்டளவில் கச்சியைக் கடந்து, காவிரிக்கரையில் உறையூரிற் பாசறை இட்டிருந்தான். மறுபடியும் ஊர்கள் எரிந்தன. எட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியினுட் புகுந்தான். அவன் மட்டும் ஒரு நற்செயல் செய்தான். இராசசிங்கேச்சரம் என்னும் கைலாசநாதர் கோயிலின் பொருளைக் கவராது திருப்பிக் கொடுத்தான். அதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் தூணிலேயே உள்ளது. திருநின்றவூர்ப் பூசலார் புராணத்துக் கச்சிக் கற்றளி இதுவே என்று அறிஞர் கொள்வர். பகைவனேனும் அவனை வாழ்த்தத் தோன்றுகின்றது. ஆயினும் மூன்று தலைமுறை இருபுறத்து உழவரும் கொடுத்த விலையை எந்தத் தூணிலும் எவரும் பொறிக்கவில்லை.

இனி, பிறர் பூசலிற் புகுதலின் இயல்பை முழுதும் காண வேண்டின் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாண்டியர் தாயப் போரைக் காணல்வேண்டும். மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டனர். முற்றுகைப்பட்ட பராக்கிரம பாண்டியன் ஈழவேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் துணை வேண்டினான். ஈழப்படை கடல் கடக்குமுன்னரே அவனும் அவன் குடும்பத்தினரும் கொல்லப்பட்டனர். எவனைக் காக்கப் புறப்பட்டதோ அவன் இல்லை. படை திரும்பியதா எனின், இல்லை. அவன் மைந்தன் வீரபாண்டியனை அரசனாக்குதல் வேண்டும் என்னும் புதுக்காரணம் உடனே பிறந்தது. தண்டநாயகன் இலங்காபுரன் இராமேச்சுரத்தின் பக்கம் இறங்கிக் கோட்டை கட்டினான். அங்குச் சிறைப்பட்ட தமிழரை ஈழத்துக்கு அனுப்பி, முன்னாளில் தமிழர் இடித்த இரத்தினமாலிச் சேதியத்தைச் செப்பனிடச் செய்தனர் என்று சூளவமிசம் கூறும். 993-ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை அழித்த சோழர் செலவும், பின்னர் ஐந்தாம் மகிந்தனைச் சிறைசெய்து சோழநாட்டிலேயே இறக்கவைத்த செலவும் இருநூறு ஆண்டு சென்று இராமேச்சுரத்தில் வட்டியுடன் கேட்கப்பட்டன. கேட்கப்பட்டவர் யார்? அநுராதபுரத்தைக் கண்ணாலும் காணாத கரையோர மக்கள்.

இராமேச்சுரத்துத் திருக்கோயிற் கதவு அடைக்கப்பட்டது, பூசை நின்றது, பண்டாரம் கொள்ளை போயிற்று. இதனை யாம் அறிவது காஞ்சிக்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டினால். இரண்டாம் இராசாதிராசன் காலம், ஏறத்தாழ 1170. சோழர் சேனை பாண்டிநாட்டில் ஈழப்படையோடு பொருதுகொண்டிருக்க, அதனை நடத்திய பல்லவராயரின் தந்தையாகிய எதிரிலிசோழச் சம்புவராயர், கௌட தேசத்தினின்றும் வந்திருந்த உமாபதிதேவராகிய ஞானசிவதேவர் என்னும் சைவாசாரியரிடம் சென்று முறையிட்டார். ஆசாரியர் இருபத்தெட்டு நாள் பூசை செய்தார். பகைத் தண்டநாயகர் தோற்றோடிய செய்தி வந்தது. ஆர்ப்பாக்கம் அவருக்குக் காணியாயிற்று. கோயிற் கதவு திறக்க வேண்டிச் செய்த அப்பூசையைக் குறை கூறுவார் இலர், யாமும் கூறோம்.

அதன்பின் நடந்ததே எண்ணத்தக்கது. பகைவர் ஓடினர், குலசேகரன் மதுரையில் அமர்ந்தான், பகைத் தண்டநாயகர் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்று பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் பெருமிதங்கொள்கின்றது. சோழர் அமர்த்திய அக்குலசேகரனே சின்னாளில் ஈழவேந்தனோடு உறவு கொண்டான். உடனே சோழர் அவனை நீக்கி, தாம் முன்பு எதிர்த்த வீரபாண்டியனையே அரசனாக்கினர். வீரபாண்டியனும் மாறினான். மூன்றாம் குலோத்துங்கன் அவனை வென்று விக்கிரமபாண்டியனை அமர்த்தினான். பின்னர் மீண்டும் மதுரைமேற் சென்று பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்தான். பிறர் வீட்டுத் தாயபாகத்திற்கு ஒருமுறை நடுவராய்ச் சென்றவன் மறுமுறை செல்லாதிருத்தல் அரிது. தான் அமர்த்தியவன் கோணினால் தன் மானம் போயிற்று என்று நினைக்கின்றான். இவ்வாறு அரைநூற்றாண்டு கழிந்தது. 1216-ஆம் ஆண்டளவில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் வந்தான். தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபம் ஒன்றை மட்டும் அவன் இடியாது விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. சோழநாட்டிற்கு எஞ்சியது புலவர்க்குக் கொடுத்தது. மதுரைக்குச் செலவிட்டது எதுவும் எஞ்சவில்லை. 1279-இல் சோழர் மரபே மறைந்தது.

கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டாரை இவ்விடத்து நினைவுகூரலாம். அப்பரணியில் வெற்றியை உண்டு களிப்பவை பேய்கள். உழவர் உண்டு மகிழ்ந்ததாக அப்புலவர் பாடவில்லை. பரணியின் மரபு அது என்பர். மரபு வகுத்தவர் உண்மை அறிந்தே வகுத்தனர் போலும்.

இனிச் சித்தாந்தத்திற்கு வருவோம். பிறர் நாட்டிற் படை புகுத்துவோர் எக்காலத்தும் கூறும் நியாயம் ஒன்றுண்டு. கொடியவனை ஒறுத்தல் அவனுக்கும் நன்று, அவனால் துன்புறுவார்க்கும் நன்று என்பர். இது கேட்டற்கு நம் மறக்கருணைக் கொள்கை போலவே ஒலிக்கும். தாய் தந்தையர் மக்களை அடித்துத் திருத்துதல்போல இறைவன் உயிர்களை ஒறுத்தலும் அருளே என்பது சிவஞான சித்தியார் முதலிய நூல்களின் துணிபு. ஆயின் அக்கருணை யாருக்கு உரியது? மலமின்மை இயல்பாக உடையவனுக்கு. ஒவ்வோர் உயிரின் வினையையும் அதன் பக்குவத்தையும் உள்நின்று அறிபவனுக்கு. ஒறுத்தலால் தனக்கு ஒரு பயனும் கொள்ளாதவனுக்கு. அரசன் ஆணவத்தால் மறைப்புண்டவன். பிறநாட்டார் உள்ளத்தை ஒற்றர் சொல்லாலும் ஏட்டாலும் அறிபவன். போர் முடிவில் துறைமுகமோ புகழோ தேர்தல் வெற்றியோ தனக்கு வருமென்று எண்ணுபவன். இத்தகையான் மறக்கருணை என்னும் பெயரைச் சூடிக்கொள்ளுதல், தன் முனைப்பிற்குச் சிவன் பெயரை இடுதலாகும். காவற்போர் புரிபவனுக்கு அப்பெயர் வேண்டுவதில்லை. அவன் எதிரியைத் திருத்தப் புகவில்லை; வாயிலில் நிற்கின்றான், அவ்வளவே.

இதனை ஈழத்திலே கண்டோம். 1983-ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. தமிழகக் கரைக்கு ஏதிலிகள் வந்திறங்கினர். நெஞ்சுள்ளார் எவரும் வாளாவிருக்க இயலாத காலம் அது. 1987 ஜூலை 29-இல் கொழும்பில் இராசீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கை செய்தனர். அமைதி காக்கும் படை என்னும் பெயரால் இந்தியச் சேனை சென்றது. யாழ்ப்பாணத்தார் மாலையிட்டு வரவேற்றனர். ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூருக்குத் தமிழரைக் காக்கச் செல்கின்றது என்று நாமும் மகிழ்ந்தோம். மூன்று திங்கள் நிரம்புமுன், அக்டோபரில், அச்சேனைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. தீபாவளி நாளாகிய அக்டோபர் 21-ஆம் நாள் தொடங்கி யாழ்ப்பாணப் பெருமருத்துவமனையினுள் நோயாளரும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989-இல் கொழும்பில் ஆட்சிக்கு வந்திருந்த பிரேமதாசா இந்தியப்படையை வெளியேறுமாறு கேட்டதுடன், அதனோடு பொருத புலிகளுக்கே படைக்கலமும் உதவினார். அழைத்த அரசும் விலகிற்று. காக்கப் புகுந்த மக்களும் வெறுத்தனர். பாண்டியர் தாயப் போரின் ஏடுதான் மீளவும் புரண்டது. 1990 மார்ச்சு 24-இல் எஞ்சிய படை திரும்புமுன் நம் வீரர் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டிருந்தனர். ஈழத்து மக்களில் இறந்தார் தொகையோ அதனினும் மிகுதி.

படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்று வந்த படையை வரவேற்பது எவ்வாறு என்பது அவர் கொண்ட நிலை. அந்நிலையில் ஒரு நேர்மை உண்டு. ஆயின் கப்பலினின்று இறங்கியவன் தானாகச் சென்றவனல்லன். நாட்டினர் அனுப்பச் சென்றான். நாட்டினர் முகந்திருப்ப வந்தான். செலவு அங்கும் ஓயவில்லை. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி குண்டு வெடித்து இறந்தார். உடனின்றவரும் பலர் இறந்தனர். அவ்வழக்கு எம் பக்கத்துப் பூந்தமல்லியிலே தனிநீதிமன்றத்தில் நடந்தது. புழல் காவாங்கரையில் ஈழத்தவர் குடியிருப்பு இன்றும் உள்ளது. இப்பொழுது அதனை மறுவாழ்வு முகாம் என்கின்றனர். ஆங்குப் பிறந்த மக்கள் தாமும் மக்களைப் பெற்றுவிட்டனர்.

அற்றேல், அடுத்த வீடு எரியும்போது கைகட்டி நிற்றல் அறமோ எனின், நல்ல வினாவே. 1971-ஆம் ஆண்டு வங்கத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலிகளாய் நம் எல்லைக்குள் வந்தனர். டிசம்பர் 3 முதல் 16 வரை போர் நடந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் படை அந்நாட்டை விட்டு நீங்கியது. அதனை யாம் தவறென்னோம். எல்லைக்குள் ஒரு கோடிப் பேர் வந்தபின் அது பாதி காவற்போராகவே ஆயிற்று. மேலும் நம் படை அந்நாட்டின் தாயபாகத்தில் அமர்ந்துவிடவில்லை. சென்ற காரணம் முடிந்தது, திரும்பியது. அமர்ந்துவிட்டோர் நிலையைப் பிறநாட்டிலும் காணலாம். அமெரிக்கர் வியத்துநாமில் 58,000-க்கு மேற்பட்ட தம் வீரரை இழந்தனர். உருசியர் ஆப்கானித்தானத்தில் 1979 முதல் 1989 வரை இருந்து பயனின்றித் திரும்பினர். அதனைக் கண்ணாரக் கண்ட அமெரிக்கர் 2001-இல் அங்கேயே சென்று, இருபது ஆண்டு கழித்து 2021-இல் எவரை விரட்டினரோ அவர் கையிலேயே காபூலை விட்டு வந்தனர்.

நம் புராணத்திலும் இவ்வினாவிற்கு ஒரு நாயனார் நிற்கின்றார். நீடூர் முனையடுவார், போரில் தோற்றுத் தம்மை அடைந்தார் பொருட்டுக் கூலி பேசி, நடுவுநிலை பிழையாது, சென்று பொருது வென்று கொடுத்தவர். பிறர் பூசலிற் புகுந்தவரே, ஐயமில்லை. எனினும் அவர் பிறர் மகனை அனுப்பவில்லை. தம் உடலையே கொண்டுசென்றார். பேசியது முடிந்ததும் நீடூருக்குத் திரும்பினார். பெற்ற பொருளை அடியார் அமுதுக்கே ஆக்கினார். செலவும் அவருடையது, வரவு அவருடையதன்று. இவ்வாறு செல்லவல்ல அரசு உலகில் உளதாயின், அது எங்கு வேண்டினும் செல்க.

காவற்போரில் வினையே இல்லை என்று யாம் கூறவில்லை. கொலை கொலையே. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் வார்த்தெடுக்கும் கவசவண்டி எல்லையில் நின்றாலும் சுடுதற்கே செய்யப்பட்டது. எம் தெருவில் பலர் அங்கு உழைத்து உண்டவர், நன்மக்கள். வேறுபாடு யாதெனின், காவற்போரில் அவ்வினை நாட்டார் அனைவர் தலையிலும் வெளிப்படையாகவே விழுகின்றது. எரிவது தம் ஊர். அஞ்சுவது தம் மக்கள். இறந்தவனுக்கு அவ்வூரிலேயே நடுகல். ஆநிரை மீட்டு இறந்த வீரர் கற்கள் செங்கம் பக்கத்தில் எத்தனையோ உள்ளன. இன்னான் இதற்காகப் பட்டான் என்று எழுத்துச் சொல்கின்றது. எல்லை கடந்த போரிலோ வினை ஒரு சிலர் தோளில் ஏற்றப்பட்டுக் கண்காணாத இடத்திற்கு அனுப்பப்படுகின்றது. அனுப்பியவர் தம் வீட்டிலிருந்து செய்தித்தாள் படிக்கின்றனர். எம் பக்கத்துத் திருமுல்லைவாயிலில் நந்திதேவர் இறைவனை நோக்காது வெளிநோக்கி எழுந்தருளியிருக்கின்றார்; தொண்டைமானுக்குத் துணையாகப் பகைவரை எதிர்க்கப் புறப்பட்ட நிலை என்பது தலவரலாறு. அவரும் எதிர்த்துச் சென்றது அடுத்த புழற்கோட்டத்து அளவே.

செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன் என்னும் மூவருக்கும் வினையிற் பங்குண்டு என்பது பொதுவாக எல்லாரும் ஒப்பியது. மெய்யால் செய்தது அவ்வன்பருடையது. அதனை இல்லையென்று யாம் கூறின் அவரை ஏய்த்தலாகும், அவரும் நம்பார். ஆனால் அவர் கேட்ட மாலையில் படித்த புராணம் யாது? புகழ்ச்சோழர் திறை கொடாத அதிகன்மேற் படை விடுத்தார். படை வென்று, தலைகளும் நிதியும் கொணர்ந்து கருவூரில் முன்வைத்தது. அத்தலைகளுள் ஒன்றிற் சடை கண்டார். கொய்த வீரன் யாரென்று அவர் கேட்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. அமைச்சரைச் சினந்ததாகவும் கூறவில்லை. படையை விடுத்தவன் யான் என்று கொண்டார். மகனுக்கு முடி சூட்டச் செய்தார். அத்திருத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீயிற் புகுந்தார். சிறுத்தொண்டர் புராணத்திலும் அரசனே பொறுத்தருள வேண்டினான். எல்லை கடந்து சென்ற படை மீண்டுவந்த இவ்விரண்டு இடத்தும் சேக்கிழார் பெருமான் வினையைத் தேடி வீரனிடம் செல்லவில்லை.

அடுத்த பிரதோஷத்தன்று இதனை அவரிடம் கூறினோம். அவர் நெடும்பொழுது தரையைப் பார்த்திருந்தார். பின்பு, “அப்படியானால் இப்போது அரசன் யார், ஐயா? வாக்குப் போடுகிறவர்கள்தானே?” என்றார். எள்ளிக் கேட்டாரல்லர். அறிய விரும்பியே கேட்டார்.

1984-ஆம் ஆண்டுத் தேர்தலில் யாம் முதன்முதலாக வாக்களித்தோம். 1987-இல் படை சென்ற செய்தியை உடன் பணிசெய்த ஆசிரியர்க்கு உரக்கப் படித்துக்காட்டி மகிழ்ந்தவரும் யாமே. அன்று மாலை வகுப்பில் வஞ்சித்திணையே பாடம். 1990-இல் அவர் திரும்பிவந்தபோது துறைமுகத்திற்குப் போகாதவருள் யாமும் ஒருவர். போகவேண்டும் என்று தோன்றவுமில்லை. இவற்றை ஒன்றும் மறையாது அவரிடம் சொன்னோம். சொல்லிப் பொறுத்தருளுமாறு கேட்டோம். ஒத்த வயதினர் ஒருவர் கைகூப்பக் கண்டு அவர் பதறி எழுந்து எம் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவரின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டோம். தெருவின் பெயர் தெரியாது என்றும், வேலிக்கு அப்பால் ஒரு கிணறும் பனையும் இருந்தன என்றும், மாடு அன்று காலை நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தது என்றும் கூறினார்.